நூறு வாட் ஏகாம்பரம்

உடற்பயிற்சி சைக்கிளுக்கு சர்வீஸ் பார்க்கிறவன் பிழைப்பு விசித்திரமானது: இருந்த இடத்தை விட்டு ஓரடி நகராத வண்டிக்காக அவன் ஊர் ஊராக அலைய வேண்டும்.

மிக்ஸி, கிரைண்டர், டி.வி., ஜெராக்ஸ் என்று எதற்காவது நீங்கள் சர்வீஸ் பார்த்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் பாதி புரியும். உங்கள் கஸ்டமர் 'ஓடவில்லை' என்பார். என் கஸ்டமர் 'ஓடுகிறது, ஆனால் நம்பர் சரியில்லை' என்பார். ஓடாததை எப்படியாவது ஓட வைத்துவிடலாம். நம்பரை என்ன செய்வது?

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருக்காலைக்குப் பின்பக்கம் இருந்தது எங்கள் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். எங்கள் சைக்கிளின் முன்பக்கம் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கும். அதன்மேல் படாமல், கொஞ்சம் தள்ளி, காந்தம். காந்தம் நெருங்கினால் மிதிப்பது கஷ்டம், விலகினால் சுலபம். எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு ஸ்குரூ முடிவு செய்யும். ஹேண்டில்பாரில் உள்ள சின்னத் திரை, நீங்கள் எத்தனை வாட் சக்தி போட்டு மிதிக்கிறீர்கள் என்று காட்டும். உண்மையில் அந்தத் திரைக்கு உங்கள் கஷ்டம் ஒன்றும் தெரியாது. வேகத்தைப் பார்த்து, உள்ளே எழுதிவைத்த அட்டவணையிலிருந்து ஒரு நம்பரை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை ஐந்தாம் கட்டத்தில் வைத்து நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் நூறு வாட் என்று அது சொல்லும். நிஜமாகவே அது நூறா என்பது ஸ்குரூவைப் பொறுத்தது. ஸ்குரூ ஏகாம்பரத்தின் காலைப் பொறுத்தது.

இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் காலைப் பற்றித்தான். சிரிக்கிற இடங்களில் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் அதுதான் தாங்கவில்லை.

இட்லியில் ஓடும் மெஷின்

ஸ்குரூவைச் சரியான இடத்தில் வைக்க முதலில் எங்களிடம் ஒரு சோதனை மெஷின் இருந்தது. மோட்டாரால் சைக்கிளைச் சுற்றிவிட்டு இத்தனை வாட் என்று பிசகாமல் சொல்லும். ஒரு பிப்ரவரியில் வோல்டேஜ் எகிறி, புகைந்து, நின்றுபோனது.

ஏகாம்பரம் எங்கள் லோடு ஆள். வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் இருபது வருடம், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சந்தைக்குச் சைக்கிளில் மீன் கூடை கட்டி மிதித்தவன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல் புது வண்டிகளில் ஏறி மிதித்துப் பார்த்து, "இது டைட்டு, அது லூசு" என்பான். மெஷினில் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னபடியே இருக்கும். மெஷின் போன மறுவாரம், ஏற்கெனவே சரிபார்த்திருந்த ஐந்து வண்டிகளையும், வேண்டுமென்றே ஸ்குரூவைக் கலைத்த ஐந்து வண்டிகளையும் மாற்றி மாற்றி நிறுத்தி, திரைகளைத் துணியால் மூடி, அவனை ஏறச் சொன்னோம். பத்தையும் சரியாகப் பிரித்துக் காட்டினான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே முறை ஆகிவிட்டது. ஏகாம்பரம் மிதிப்பான், நான் ஸ்குரூவைத் திருகுவேன், அவன் "நூறு" என்றதும் நிறுத்துவேன். அவன் இறங்கிவந்து, மனைவி கஸ்தூரியின் நெயில் பாலிஷால் ஸ்குரூவின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, அதற்குக் கீழே சின்னதாக ஒரு வால் இழுப்பான். அதுதான் அவன் முத்திரை. எல்லாரும் அவனை 'மீட்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தோம். மெஷினை ரிப்பேருக்கு அனுப்பலாமா என்று நான் முதலாளியிடம் ஒரே ஒரு தரம் கேட்டேன். அவர் ஏகாம்பரத்தின் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இந்த மெஷினுக்குக் கரண்டே வேணாம்யா, ரெண்டு இட்லி போதும்."

ஐம்பதுன்னா ஐம்பது

அந்த ஏப்ரலில் எங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு மெல்ல மெல்ல உடற்பயிற்சி கொடுக்க ஒரு ஹால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதம் ஒரு வண்டி வீதம் ஆறு வண்டி எடுத்துப் பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் மற்றக் கிளைகளுக்கும் நாற்பது வண்டி. இல்லையென்றால் சைக்கிளை மூட்டை கட்டிவிட்டுப் பழையபடி இரும்புக் கட்டில் செய்யப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கட்டிலுக்கு நான்கு பேர் போதும். மீட்டரும் வேண்டாம், சர்வீஸ்காரனும் வேண்டாம்.

முதல் வண்டியை நானும் ஏகாம்பரமுமே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஹாலுக்குப் பொறுப்பு மெர்சி என்கிற பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் பார்வையிலேயே நம்மை உட்காரவைத்துவிடுவார். ஏகாம்பரம் எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வண்டியைத் துடைத்து, பொட்டைக் காட்டி, "கரெக்ட்டா நூறு வெச்சிருக்கேன் மேடம்" என்றான். மெர்சி குனிந்து பொட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "எங்க பேஷண்ட்டுக்கு ஐம்பதுன்னா ஐம்பதுதான் இருக்கணும். எழுபது ஆச்சுன்னா அதுக்குப் பேரு எக்சர்சைஸ் இல்ல சார், அட்டாக்."

மூத்தவர் யார்?

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவர் எங்கள் கஸ்டமர்கள். ஒரே வீடு, கீழே அண்ணன், மாடியில் தம்பி. இருவருக்கும் சர்க்கரை. அண்ணன் யூசுப் பாய் ஏப்ரலில் வண்டி வாங்கினார், தம்பி ஆகஸ்டில் வாங்கினார். தம்பி மிதித்தால் நூற்று நாற்பது வருகிறது. அண்ணன் நாக்குத் தள்ள மிதித்தாலும் நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை. இதனால் வீட்டில் பேச்சுவார்த்தையே குறைந்துபோயிருந்தது. நான் போனபோது தம்பி பிரியாணியோடும் அண்ணன் முறைப்போடும் வரவேற்றார்கள்.

இரண்டிலும் ஏறிப் பார்த்தேன். வித்தியாசம் இருந்தது. எது சரி என்று சொல்ல என் காலுக்குத் தெரியாது. அண்ணன் வண்டியைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து ஏகாம்பரத்தை ஏற்றினேன். "டைட்டுபா இது" என்றான். கடலோரத்து வீடு, உப்புக்காற்றில் துருப்பிடித்துக் காந்தம் இறங்கியிருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அவன் "நூறு" என்று சொல்லும்வரை ஸ்குரூவைத் தளர்த்தினேன். சரியாக இருந்த வண்டியைக் கெடுத்தோம். தளர ஆரம்பித்திருந்தது ஏகாம்பரத்தின் கால். பழைய நூறு அவனுக்கு இப்போது பாரமாக இருந்தது. லேசாக இருப்பதைத்தான் நூறு என்று சொல்லிக்கொண்டிருந்தான். படிக்கிற உங்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிகிறது. எனக்குப் புரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யூசுப் பாய் ஏறினார். நூற்றைம்பது. இறங்கி, தம்பியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார்: "இப்பத்தான் தம்பி, இந்த ஊட்ல யாரு மூத்தவன்னு உங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஈரச் சாக்கு

பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற பெரியவர் ஒருவருக்கு மகன் எங்கள் வண்டியை வாங்கிக் கொடுத்திருந்தான். அவர் புகார் வேறு மாதிரி. முதல் பத்து நிமிடம் கனமாக இருக்கிறதாம். அரை மணியில் லேசாகிவிடுகிறதாம். நம்பர் மட்டும் அப்படியே நிற்கிறதாம். இது எங்களுக்குத் தெரிந்த வியாதிதான். மிதிக்க மிதிக்கச் சக்கரம் சூடேறும், சூடேறினால் காந்தத்தின் பிடி குறையும். அதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நாலு பஸ் மாறிப் போனேன்.

போய்ப் பார்த்தால் சக்கரத்தின்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருக்கிறது. பம்புசெட் எஞ்சின் சூடானால் அப்படித்தான் செய்வார்களாம். சக்கரம் முழுக்கத் துரு. உதிர்ந்த துரு அத்தனையும் காந்தத்தில் அப்பிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு, "சூடானா லேசாவது இயற்கைங்க. மனுஷனே வேர்த்தா தளர்ந்துதானே போறான்" என்று தத்துவமாக ஒரு போடு போட்டேன். பெரியவர் மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்: "நைனா, மன்சன் தளந்தா மூஞ்சில தெரியும். உன் டப்பா மூஞ்சில அதே நம்பருதான நிக்குது?"

காஸ்

மூஞ்சியில் தெரியும்தான். பார்க்கிறவனுக்குத் தெரியும்.

மே மாதத்தில் ஒரே மூச்சில் எட்டு வண்டி பார்த்த ஏகாம்பரம், செப்டம்பரில் நாலாவது வண்டியிலேயே இறங்கி, அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தான். கணுக்கால் உப்பி, செருப்பு வார் பதிந்து தடம் விழுந்திருந்தது. கேன்டீன் படி ஏழுதான், அதை ஏற நடுவில் ஒரு தரம் நின்றான். சாப்பாடு கொண்டுவந்த கஸ்தூரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படுத்தா மூச்சு முட்டுதாம் சார், செவுத்துல சாஞ்சிக்கினே தூங்குறாரு" என்றாள். இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டுக் காதால் கேட்டுவிட்டு நான் செய்தது என்ன தெரியுமா? பெட்டிக்கடைக்குப் போய் காஸ் மாத்திரை ஒரு பட்டை வாங்கிவந்து கொடுத்தேன். அவனும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஏப்பம் வருகிறதா என்று காத்திருந்தான்.

டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்கவே இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எப்படிக் கேட்டேன்? ஆஸ்பத்திரிக்கான ஆறாவது வண்டி அன்று போக வேண்டும். ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஏறட்டும் என்று காத்துக்கொண்டே கேட்டேன். ஏகாம்பரம் ஹேண்டில்பாரைப் பிடித்து மெதுவாக ஏறி உட்கார்ந்தான். "டாக்டரு இன்னா சொல்லுவாரு, ரெஸ்ட்டு எடும்பாரு. நான் ரெஸ்ட்டு எடுத்தா உன் நூறை எவன் சொல்லுவான்? இது காஸுபா, காலைல நாஷ்டா பூரி."

பயில்வான்கள்

இதற்கு நடுவில் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜிம்மிலிருந்து போன். காலை எலெக்ட்ரிக் டிரெயினில் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர்கள், போகிற வழியில் அரை மணி மிதித்துவிட்டுப் போகிற இடம். எங்கள் வண்டி நாலு இருந்தது, இரண்டு பழசு, இரண்டு புதுசு. புதுசுக்கு வரிசை நிற்கிறது. பழசில் துண்டு காய்கிறது. பழசு இரண்டையும் எடுத்துப்போய் 'சரி' செய்து தருகிறேன் என்றேன், மகா புத்திசாலியாக. ஜிம் ஓனர் கையெடுத்துக் கும்பிட்டார்: "சீக்கிரம் பண்ணு சார். பழசுல ஏறுனா கஸ்டமருக்கு மனசு ஒடையுது, புதுசுல ஏறுனா அவனே பயில்வான்."

ஆறு வண்டி

அக்டோபரில் மெர்சி கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அன்றே பஸ் பிடித்துப் போனேன். ஹாலில் ஆறு வண்டியும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, ஒன்று முதல் ஆறு வரை. ஒரே நோயாளியை ஆறு நாள், ஆறு வண்டியில், அதே ஐம்பது வாட்டில், அதே நேரம் மிதிக்க வைத்து நாடித்துடிப்பை எழுதிவைத்திருந்தார். ஏப்ரலில் வந்த முதல் வண்டியில் நூற்றுப் பதினாறு. கடைசியாக வந்த ஆறாவது வண்டியில் தொண்ணூற்று நாலு. நடுவில் உள்ளவை படி இறங்குகிற மாதிரி வரிசையாக இறங்கியிருந்தன.

யாரையோ ஐந்தாவது வண்டியில் இரண்டு வாரம் பழக்கிவிட்டு, தெரியாமல் முதல் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மனிதருக்குத் தலை சுற்றி, கீழே விழாமல் மெர்சிதான் பிடித்துக்கொண்டாராம். இங்கே உப்புக்காற்று இல்லை, ஈரச் சாக்கு இல்லை, ஏ.சி. ஹால். சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணம்கூட மிச்சமில்லை. மெர்சி சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து என் கையில் கொடுத்தார்: "நீங்க ஆறு வண்டி குடுக்கலை சார், ஆறு கம்பெனி வண்டி குடுத்திருக்கீங்க."

மாற்றாதது எதுவுமில்லை

அடுத்த பத்து நாள், கம்பெனியில் இருந்த வண்டிகளில் நான் மாற்றாத பொருள் கிடையாது. காந்தம் சப்ளை செய்பவரை மாற்றினேன். பெல்ட்டை மாற்றினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன், பேரிங்கை மாற்றினேன், திரைக்குள் இருக்கும் போர்டை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, ஏறி மிதித்து நூறு சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான். நான் ஸ்குரூவை வைத்தேன். வண்டி முன்பைவிட லேசாக வெளியே வந்தது. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தான்.

முதலாளி என் மேஜைக்கு வந்து, கழற்றிப் போட்ட காந்தங்களைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். பின்பக்கம் ஏற்கெனவே கட்டிலுக்கான குழாய் வந்து இறங்கியிருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். "தீபாவளிக்கு முன்னாடி அந்த ஆறும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லைன்னா எட்டு பேரு பட்டாசு வெடிக்கிறது வேலையில்லாம ஊட்ல உக்காந்துதான்யா."

வாலுள்ள பொட்டு

கடைசி முயற்சியாக ஏகாம்பரத்தையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஆறு வண்டியிலும் அவன் ஏறட்டும், எது தப்பென்று அவன் காலே சொல்லட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஹாலுக்குள் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றான். "இவர்தான் மேடம் எங்க மீட்டர்" என்று மெர்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வண்டிகளைப் பார்க்கவில்லை, அவன் கணுக்காலைப் பார்த்தார்.

ஆறாவது வண்டியில் ஏறினான். "நூறு." ஐந்தாவதில் கொஞ்சம் முகம் சுளித்தான். இரண்டாவதை அரை நிமிடத்தில் விட்டுவிட்டான். ஏப்ரல் வண்டியில் ஏறி நாலு சுற்று மிதித்ததுமே நிறுத்திவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. "யாரோ இதை நோண்டிக்கிறாங்க சேகரு. இது நூத்தி முப்பதுக்கு மேல கீது. இது நான் வெச்சதே இல்லபா" என்றான், மூச்சு வாங்க.

நான் முழங்காலிட்டு ஸ்குரூவைப் பார்த்தேன். பொட்டு இருந்தது. கீழே வால் இருந்தது. ஒரு கீறல் இல்லை. யாரும் தொடவில்லை. எனக்கு அங்கேயே, முழங்காலில் இருந்தபடியே எல்லாம் விளங்கியது. மே மாதத்திலிருந்து எத்தனை வண்டி அனுப்பினோம், யூசுப் பாய் வண்டி, ஜிம் வண்டி, அந்த மாத்திரைப் பட்டை, ஸ்குரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை. ஏகாம்பரமும் எட்டிப் பொட்டைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஹேண்டில்பார்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மெர்சி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் ஆனது. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு வீல்சேர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார்: "இந்த வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க மீட்டருக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

முப்பத்தைந்து மார்க்

ஏகாம்பரத்துக்குச் சிறு வயதில் வந்த ஏதோ காய்ச்சல், இதய வால்வைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வரிசையில் போட்டார்கள். அதே வாரம் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் சென்னையிலிருந்து சோதனை மெஷினோடு ஒரு ஆளை வரவழைத்து ஆறு வண்டியையும் அளந்தார்கள். கடைசி வண்டியில் நூறு என்று திரை காட்டியபோது உண்மையில் இருந்தது எழுபதுக்கும் கீழே. ஏப்ரல் வண்டியில் நூறு என்பது நூறேதான். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி ஐந்தையும் டெம்போவில் ஏற்றிவிட்டார்கள்.

அப்போதாவது மெஷின் வாங்கியிருப்போம் என்று நினைக்கிறீர்களா? முதலாளி கெட்டவர் இல்லை. ஏகாம்பரம் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். வந்த கையோடு, பக்கத்து உருக்காலையிலிருந்து பாபு என்கிற ஆளைக் கூட்டிவந்து புது மீட்டராக ஏற்றினார். பாபு காலையில் ஐம்பது தண்டால், மாலையில் ஐம்பது தண்டால் எடுக்கிறவன். எதில் ஏறினாலும் "இன்னும் டைட்டு வை" என்றான். அந்த வண்டிகளில் ஒன்று ஆர்.கே.பேட்டையில் ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் ஒருவருக்குப் போனது. ஒரு மாதம் கழித்து நான் போனபோது அவர் வண்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார், பள்ளியில் தப்புச் செய்த பையனை நிறுத்துகிற மாதிரி. "முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்னு எத்தனையோ பேரைப் பாஸ் போட்டு அனுப்பினவன் நான். உங்க வண்டி ஒரு மாசமா என்னை ஃபெயில் பண்ணிக்கினே இருக்கு தம்பி."

இருபத்தைந்து

பொங்கலுக்கு முன்பே கம்பெனியில் கட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஏகாம்பரத்துக்கு மாசியில் ஆபரேஷன் ஆனது. வால்வு சரியாகிவிட்டது, ஆனால் இதயம் ஏற்கெனவே களைத்துப்போய்விட்டது, ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் என்ன செய்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் மிதித்துக்கொண்டிருந்தான், நான் திருகிக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறட்டும் என்று மெர்சி அவனைத் தன் ஹாலுக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த ஏப்ரல் வண்டியில் அவன் மொத்தம் நாலு தரம்தான் ஏறினான். ஐந்தாம் தரத்துக்கு முதல் நாள் கஸ்தூரியிடமிருந்து போன் வந்தது. அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. நான் சொல்ல வந்தது முதல் தரத்தைப் பற்றி.

ஆறு வண்டி நின்ற இடத்தில் அது ஒன்றுதான் நின்றது. கஸ்தூரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து அவனை ஏற்றினோம். சட்டை தோளில் தொங்கியது. தொடையில் கை பட்டபோது எனக்கு வேறு யாரையோ பிடித்திருப்பது போல இருந்தது. மெர்சி முதல் கட்டத்தில் வைத்து, "இருபத்தஞ்சு வாட் போதும், இரண்டு நிமிஷம்" என்றார். மிதித்தான். திரையைப் பார்க்கவே இல்லை, பழைய வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றே கால் நிமிடத்தில் கால் நின்றுவிட்டது. இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவன் குனிந்து, கையை நீட்டி, ஸ்குரூவின்மேல் இருந்த சிவப்புப் பொட்டைக் கட்டைவிரலால் ஒரு தரம் துடைத்தான், தூசி இல்லாமலே. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கஸ்தூரி முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து, அந்தக் காலத்தில் "நூறு" என்று சொல்வானே, அதே நிதானத்தில் சொன்னான்: "வண்டி கரெக்ட்டாத்தான் கீது சேகரு. நான்தான் ரிப்பேரு."

பதினொரு வருடம் சர்வீஸ் பார்த்து நான் சரியாகக் கண்டுபிடித்த பழுது அது ஒன்றுதான். அதற்கும் போய்ச் சேர ஆறு மாதம் லேட்.